தோப்பு மோட்டாரை போன் ஒலியால் ஓட்டுவது: 8870, 567, அப்புறம் நம் ஊர் 400 ஹெர்ட்ஸ்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. தோப்பு வீட்டில் பழைய செம்புக் கம்பி லேண்ட்லைன் இருக்கிறது. கோவையில் வேலையில் இருந்தபடியே அந்த எண்ணுக்கு அழைத்து, பட்டனை அமுக்கி மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் வேண்டும். ஒரு அமெரிக்க வரைபடத்தைப் பார்த்து அவர் செய்த சர்க்யூட் பட்டன் ஒலியை ஓரளவு பிடிக்கிறது. ஆனால் அவர் போனை வைத்த பிறகும் தோப்பில் இருக்கும் சர்க்யூட் லைனை விடுவதில்லை. அடுத்த முறை அழைத்தால் எங்கேஜ்டு. சில சமயம் யாராவது பேசும் குரலுக்கே ரிலே (மோட்டாரை இயக்கும் மின் சுவிட்ச்) தட்டிவிடுகிறது. எந்த ஐசியை மாற்றினால் சரியாகும் என்று கேட்கிறார்.

தம்பி, ஐசியை மாற்ற வேண்டாம். உங்கள் சர்க்யூட் எந்த ஒலி வருகிறது என்று மட்டும் பார்க்கிறது. அந்த ஒலி எவ்வளவு நேரம் நீடிக்கிறது, நடுவில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கவில்லை. நீங்கள் சொன்ன இரண்டு கோளாறுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

முதலில் லைனில் என்னென்ன ஒலி வருகிறது என்று பிரித்துக்கொள்வோம். ஒன்று, அழைப்பவர் பட்டனை அமுக்கும்போது வரும் ஒலி. இதைத்தான் டிடிஎம்எஃப் என்கிறோம். இன்னொன்று எக்ஸ்சேஞ்ச் தானாகவே அனுப்பும் ஒலி: டயல் டோன், ரிங் போகும் சத்தம், எங்கேஜ்டு டோன். இரண்டும் ஒரே கம்பியில் வந்தாலும் இரண்டின் அமைப்பும் வேறு. அதனால் பிடிக்கும் முறையும் வேறாக இருக்க வேண்டும்.

பட்டன் ஒலியில் எப்போதும் இரண்டு அதிர்வெண்கள் சேர்ந்து வரும். கீழ் வரிசையில் 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ். மேல் வரிசையில் 1209, 1336, 1477, 1633 ஹெர்ட்ஸ். 5-ஐ அமுக்கினால் 770-உம் 1336-உம் ஒன்றாகக் கிளம்பும். கடைசி 1633 சாதாரண போனில் இல்லாத ஏ, பி, சி, டி பட்டன்களுக்கானது. 1963 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெல் நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு முதலில் கொடுத்த முறை இது. இன்று உலகம் முழுக்க இதே எட்டு எண்கள்தான். ஆகவே இந்தப் பகுதிக்கு அமெரிக்க வரைபடமும் நம் ஊரில் அப்படியே ஒத்துவரும்.

இந்த எட்டு எண்களை ஏன் இப்படி விசித்திரமாக வைத்தார்கள் என்று தெரிந்துகொண்டால் குரலால் ரிலே தட்டுவது ஏன் என்பதும் விளங்கும். மனிதக் குரலில் ஒரு அடிப்படை அதிர்வெண்ணும் அதன் மடங்குகளும் சேர்ந்தே இருக்கும். 200 ஹெர்ட்ஸில் பேசினால் 400, 600, 800 எல்லாம் கூடவே வரும். அதனால் ஒன்று இன்னொன்றின் மடங்காகாதபடியும், இரண்டின் கூட்டலோ கழித்தலோ மூன்றாவதோடு பொருந்தாதபடியும் எட்டையும் தேர்ந்தெடுத்தார்கள். பக்கத்துப் பக்கத்து எண்களின் விகிதம் ஏறத்தாழ 21-க்கு 19. குரல் இந்த ஜோடிகளில் ஒன்றை உண்டாக்குவது அரிது. அரிதுதான், நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது. பேச்சின் நடுவே ஒரு 20 மில்லி விநாடிக்கு 852-ஐ ஒட்டி ஒன்றும் 1336-ஐ ஒட்டி ஒன்றும் தற்செயலாகக் கூடிவிடலாம். ஆனால் அப்படிக் கூடியது அதே இடத்தில் 50 மில்லி விநாடி அசையாமல் நிற்பது ரொம்ப அபூர்வம். விரல் அமுக்கிய பட்டனோ சாதாரணமாக 100 மில்லி விநாடிக்கு மேல் நிற்கும். குரலையும் பட்டனையும் நம்பிப் பிரிக்கக்கூடிய இடம் இந்த நேர வித்தியாசம்தான்.

பட்டன் ஒலியைப் பிடித்து எண்ணாக மாற்றிக் கொடுக்கும் 8870 ஐசி இதை மனதில் வைத்தே செய்யப்பட்டது. எம்டி 8870, சிஎம் 8870, எச்டி 9170 என்று பல பெயரில் கிடைக்கும். 18 கால், 5 வோல்ட், 3.579545 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். இந்தக் கிரிஸ்டல் அமெரிக்கக் கலர் டிவிகளில் லட்சக்கணக்கில் புழங்கியதால் மலிவாகக் கிடைத்தது. அதனால்தான் இந்த வினோத எண். ஐசிக்குள் கீழ் வரிசைக்கு ஒரு ஃபில்டர், மேல் வரிசைக்கு ஒரு ஃபில்டர். இரண்டிலிருந்தும் வருவதை எண்ணிப் பார்த்து, இரண்டும் சரியான ஜோடி என்றால் 16-ஆம் கால் உடனே உயரும். ஆனால் அதை நம்பி ரிலேயை இயக்கக் கூடாது. 16-ஆம் காலுக்கும் 17-ஆம் காலுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர், 17-இலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர். அந்தக் கண்டென்சர் நிறையும் வரை ஒலி தொடர்ந்து இருந்தால்தான் 15-ஆம் கால் உயரும். உங்கள் ரிலேக்கான சைகையை அந்த 15-ஆம் காலிலிருந்து எடுக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் 16-இலிருந்து எடுத்திருக்கிறீர்கள். குரலுக்குத் தட்டுவதற்கு அதுவே போதுமான காரணம்.

அப்புறம் அந்த ரெசிஸ்டரின் மதிப்பு. எல்லா வரைபடத்திலும் 300 அல்லது 330 கிலோஓம் போட்டிருப்பார்கள். 300 போட்டால் காத்திருக்கும் நேரம் சுமார் 19 மில்லி விநாடி. ஐசி தன் கணக்கை முடிக்க எடுக்கும் 11-ஐச் சேர்த்தால் மொத்தம் 30. எக்ஸ்சேஞ்சுக்குள் வைத்தால் அது சரி. ஏனென்றால் 40 மில்லி விநாடி நீளமுள்ள ஒலியை அங்கே ஏற்றே ஆக வேண்டும். நமக்கு அந்த அவசரம் இல்லை. ரெசிஸ்டரை 680 கிலோஓம் ஆக்குங்கள். காத்திருப்பு 43 ஆகும், மொத்தம் 54 மில்லி விநாடி. விரலால் அமுக்குவது கட்டாயம் இதைத் தாண்டும், குரல் பெரும்பாலும் தாண்டாது. பட்டனை விட்ட பிறகு 15-ஆம் கால் இறங்குவதும் அதே அளவுக்குத் தாமதமாகும். மனிதர் அமுக்கும் வேகத்துக்கு அது தொந்தரவே இல்லை.

இன்னொரு இடத்தில் புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். 1 முதல் 9 வரை வெளியே வரும் நாலு பிட்டும் அந்தந்த எண்ணாகவே வரும். 0 மட்டும் 10 என்று வரும், அதாவது 1010. நட்சத்திரம் 11, ஹாஷ் 12. 0-ஐ அமுக்கினால் நிற்க வேண்டும் என்று சர்க்யூட் அமைத்து, நாலு பிட்டும் பூஜ்யமாக வரும் என்று காத்திருந்தால் அது வராது. நாலும் பூஜ்யமாவது டி பட்டனுக்கு.

நுழைவாயிலில் 100 கிலோஓம், ஃபீட்பேக்கில் 100 கிலோஓம் போட்டால் பெருக்கம் 1. அந்த நிலையில் சுமார் 28 மில்லிவோல்ட் வரை சின்னதாக வரும் ஒலியை ஐசி ஏற்கும். தூரத்து எக்ஸ்சேஞ்சிலிருந்து நீண்ட கம்பியில் வரும் லைன் என்றால் சத்தம் குறைவாக இருக்கலாம். ஃபீட்பேக்கை 220 கிலோஓம் ஆக்கலாம். அதற்கு மேலே போக வேண்டாம். கூட்டக் கூட இரைச்சலும் குரலும் சேர்ந்தே பெருகும்.

சரி, பட்டன் பக்கம் இவ்வளவுதான். லைனை விடாத பிரச்சினைக்கு வருவோம். அழைத்தவர் போனை வைத்த பிறகு எக்ஸ்சேஞ்ச் தோப்புப் பக்கத்துக்கு எங்கேஜ்டு டோன் அனுப்பும், அதைக் கேட்டுத்தான் சர்க்யூட் லைனை விட வேண்டும். எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம். ஏனென்றால் இதைப் பற்றி நம் ஊர் நிலைமைக்கு ஏற்ற விளக்கம் கிடைப்பது கஷ்டம்.

அமெரிக்காவில் எங்கேஜ்டு டோன் என்பது 480-உம் 620-உம் சேர்ந்த ஒலி. டயல் டோன் 350-உம் 440-உம். ரிங் போகும் சத்தம் 440-உம் 480-உம். ஒவ்வொன்றுக்கும் ஜோடி வேறு என்பதால் அதிர்வெண்ணை வைத்தே அங்கே பிரித்துவிடலாம். உங்கள் வரைபடம் 480-க்கும் 620-க்கும் காது வைத்திருக்கிறது. நம் எக்ஸ்சேஞ்ச் அந்த ஒலியை அனுப்பவே அனுப்பாது. பிறகு எப்படி லைனை விடும்?

இந்தியாவில் எல்லாமே 400 ஹெர்ட்ஸ். டயல் டோன், சத்தத்தின் அளவு விநாடிக்கு 25 முறை ஏற்றி இறக்கப்பட்ட 400, விடாமல் தொடர்ந்து வரும். ரிங் போகும் சத்தமும் அதே மாதிரி ஏற்றி இறக்கிய 400-தான், ஆனால் 0.4 விநாடி சத்தம், 0.2 மௌனம், மறுபடி 0.4 சத்தம், பிறகு 2 விநாடி மௌனம். நாம் 'ட்ரிங் ட்ரிங்' என்று இரட்டையாகக் கேட்பது அதுதான். எங்கேஜ்டு டோன் வெறும் 400, 0.75 விநாடி சத்தம், 0.75 மௌனம். எக்ஸ்சேஞ்சில் நெரிசல் என்றால் அதே 400 வேகமாக, 0.25 சத்தம், 0.25 மௌனம். தமிழ்நாடு, கேரள எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இது ஒன்றுதான். கேரள வட்டம், தமிழ்நாடு வட்டம் என்று ஒலியில் வேறுபாடு கிடையாது. மாறுவது 'நீங்கள் அழைத்த எண்' என்று பேசும் அறிவிப்பின் மொழிதான்.

ஆகவே 400 ஹெர்ட்ஸைப் பிடிக்கும் ஒரு காது போதும். எந்த 400 என்று சொல்ல வேண்டியது கடிகாரம். அடுத்த வீட்டுக் காலிங் பெல்லையும் பால்காரர் சைக்கிள் மணியையும் சத்தத்தால் பிரிக்கிறோம். ஒரே பெல்லைக் குழந்தை அடித்தாலும் பெரியவர் அடித்தாலும் அடிக்கும் விதத்தால் பிரிக்கிறோம். இங்கே நடப்பது இரண்டாவது.

அந்தக் காதுக்கு மலிவான வழி, நாம் வைக்கும் ஒரு அதிர்வெண் வருகிறதா என்று பார்க்கும் 567 ஐசி. எல்எம் 567 அல்லது என்இ 567, எட்டுக் கால். 5-க்கும் 6-க்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர், 6-இலிருந்து தரைக்கு ஒரு கண்டென்சர். 1.1-ஐயும் ரெசிஸ்டரையும் கண்டென்சரையும் பெருக்கி, 1-ஐ அதால் வகுத்தால் அது கேட்கும் அதிர்வெண் கிடைக்கும். கண்டென்சர் 0.22 மைக்ரோஃபாரட் என்றால் 400-க்கு ரெசிஸ்டர் 10.3 கிலோஓம் வரும். 8.2 கிலோஓம் நிலையானதும் 5 கிலோஓம் பிரிசெட்டும் (திருப்பி மதிப்பை மாற்றக்கூடிய ரெசிஸ்டர்) தொடராகப் போட்டு, 5-ஆம் காலில் ஃப்ரீக்வென்ஸி மீட்டர் வைத்து 400-க்குத் திருப்பி விடுங்கள். 0.22-க்கு வட்ட பிஸ்கட் மாதிரியான செராமிக் கண்டென்சர் வேண்டாம், மைலார் போடுங்கள். தகரக் கூரை போட்ட மோட்டார் அறை மார்ச், ஏப்ரலில் எப்படிக் காயும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செராமிக் அந்தச் சூட்டில் மதிப்பு மாறி, காலையில் பிடித்த டோனை மதியம் விட்டுவிடும்.

2-ஆம் காலில் போடும் கண்டென்சர், காது எவ்வளவு அகலமாகக் கேட்கும் என்பதை முடிவு செய்கிறது. 100 மில்லிவோல்ட் சைகைக்கு 4.7 மைக்ரோஃபாரட் போட்டால் சுமார் 8 சதவீத அகலம் வரும், அதாவது 400-ஐச் சுற்றி மொத்தம் 31 ஹெர்ட்ஸ் அளவுக்கு. இது போதும். சைகை 200 மில்லிவோல்ட் ஆனால் அகலம் 11 சதவீதம் வரை விரியும், ஆகவே உள்ளே விடும் அளவை ஒரு பிரிசெட் வைத்துக் கட்டுப்படுத்துங்கள். 1-ஆம் காலில் அதைவிட இரண்டு மடங்காவது பெரிய கண்டென்சர் இருக்க வேண்டும், 10 மைக்ரோஃபாரட் போடுங்கள். 8-ஆம் கால் டோன் வந்தால் தரைக்கு இறங்கும். அதற்கு 5 வோல்ட்டிலிருந்து 10 கிலோஓம் ஒன்று கட்டாயம், இல்லையென்றால் ஏறவே ஏறாது.

567-இன் ஒரு குணத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அது தன் அதிர்வெண்ணுக்கு மட்டும் இறங்காது, ஐந்து மடங்குக்கும் இறங்கும். 400-க்கு வைத்தது 2000 ஹெர்ட்ஸ் கேட்டாலும் 'வந்துவிட்டது' என்று சொல்லும். பேச்சிலும் விசிலிலும் 2000 தாராளமாக இருக்கும். இதனால்தான் 567 இறங்கியது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்கிறேன். அது வெறும் சாட்சி. தீர்ப்பு சொல்ல வேண்டியது 0.75, 0.75 என்கிற தாளம். எந்தப் பேச்சும் விசிலும் மூன்று முறை அடுத்தடுத்து முக்கால் விநாடி ஒலித்து முக்கால் விநாடி நிற்காது.

ஒரு காலத்தில் ஏழெட்டு 567-ஐ வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு அதிர்வெண்ணுக்குத் திருப்பி, கேட் ஐசிகளால் சேர்த்து டிடிஎம்எஃப் பிடிப்பார்கள். படித்துப் பார்க்க நன்றாக இருக்கும். மோட்டார் அறையில் வைத்தால் மாதா மாதம் ஏழெட்டு பிரிசெட்டையும் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேலைக்கு 8870 இருக்கும்போது 567-ஐ 400-க்கு மட்டும் வைத்துக்கொள்வதே என் யோசனை.

தாளத்தை அளக்க ஒரு சின்ன ஆர்டுயினோ, அதாவது நாமே புரோகிராம் எழுதிப் போடும் சிறிய கம்ப்யூட்டர் போர்டு, போதும். 567-இன் 8-ஆம் காலை அதற்குக் கொடுங்கள். இறங்கியிருந்த நேரமும் ஏறியிருந்த நேரமும் 650 முதல் 850 மில்லி விநாடிக்குள் இருந்தால் ஒரு சுற்று. அடுத்தடுத்து மூன்று சுற்று வந்தால் எங்கேஜ்டு, லைனை விடு. 200 முதல் 300-க்குள் ஐந்தாறு சுற்று வந்தாலும் விடு. விடாமல் மூன்று விநாடிக்கு மேல் இறங்கியே இருந்தால் அது டயல் டோன், அப்போதும் விடு. டயல் டோன் 25 ஹெர்ட்ஸால் ஏறி இறங்குவதால் 567 நடுநடுவே துடிக்கலாம். 60 மில்லி விநாடிக்குக் குறைந்த இடைவெளியை இடைவெளியாகவே எண்ண வேண்டாம் என்று புரோகிராமில் எழுதிவிட்டால் அந்தத் துடிப்பு மறைந்துவிடும். இத்தனைக்கும் மேலே, என்ன ஆனாலும் இரண்டு நிமிடத்தில் லைனை விட்டுவிடு என்று ஒரு கடைசிப் பாதுகாப்பு வையுங்கள். எக்ஸ்சேஞ்ச் சில நேரம் எந்த டோனும் கொடுக்காமல் மௌனமாக இருந்துவிடும். அப்போது உங்கள் லைனைக் காப்பாற்றப் போவது இந்த ஒரு வரிதான்.

ஆர்டுயினோ வந்த பிறகு 567 எதற்கு, ஒலியை நேராக அதற்கே கொடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். கொடுக்கலாம். ஜெரால்ட் கோர்ட்செல் 1958-இல் வெளியிட்ட ஒரு கணக்கு முறை இருக்கிறது, ஒரே ஒரு அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்க்க அது ரொம்பச் சிக்கனம். ஒலியின் அளவை விநாடிக்கு 8000 முறை அளந்து (ஒவ்வொரு அளவும் ஒரு மாதிரி), 200 மாதிரிக்கு ஒரு முறை கணக்கை முடித்தால் 25 மில்லி விநாடிக்கு ஒரு விடை. அந்த 25 மில்லி விநாடிக்குள் 400 ஹெர்ட்ஸ் சரியாக 10 அலை அடித்து முடிக்கும், அதனால் விடை சுத்தமாக வரும். தேவைப்படும் ஒரே எண் 1.9021, 18 டிகிரியின் கோசைனைப் போல இரண்டு மடங்கு. ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், ஒரு கழித்தல், அவ்வளவுதான். முந்தைய விடையை 1.9021-ஆல் பெருக்கு, அதற்கும் முந்தையதைக் கழி, புது மாதிரியைக் கூட்டு. 200 முடிந்ததும் கடைசி இரண்டு விடைகளின் வர்க்கங்களைக் கூட்டி, அவ்விரண்டின் பெருக்கலை 1.9021-ஆல் பெருக்கிக் கழித்தால் 400-இன் பலம் கிடைத்துவிடும்.

இதில் 567-ஐவிட ஒரு நல்ல விஷயம் உண்டு. அந்த 200 மாதிரிகளின் மொத்தப் பலத்தையும் தனியாகக் கணக்கிட்டு, 400-இன் பலத்தை அதோடு ஒப்பிடலாம். மொத்தத்தில் பெரும் பங்கு 400 என்றால் அது டோன். பேச்சு என்றால் பலம் பல இடத்தில் சிதறியிருக்கும், 400-க்குக் கொஞ்சம்தான் விழும். 2000 ஹெர்ட்ஸ் ஏமாற்றும் தொல்லையும் இல்லை. ஆர்டுயினோவின் காலுக்கு முன்னால் இரண்டு ரெசிஸ்டர் வைத்து 2.5 வோல்ட்டுக்கு உயர்த்துங்கள். 10 கிலோஓமும் 4.7 நானோஃபாரடும் கொண்ட ஒரு சின்ன ஃபில்டரும் போடுங்கள், சுமார் 3400 ஹெர்ட்ஸுக்கு மேல் வருவதை அது குறைக்கும். இதே முறையில் எட்டு அதிர்வெண்ணையும் பார்த்து 8870-ஐயே நீக்கலாம். 205 மாதிரி வைப்பது வழக்கம். ஆனால் உங்கள் வேலைக்கு 8870-ஐ நீக்கி மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. அது பல வருஷம் தேய்ந்து சரியான வடிவத்துக்கு வந்த ஐசி, அதை அதன் வேலையைச் செய்ய விடுங்கள்.

லைனோடு இணைக்கும் இடத்தில் கவனம் வேண்டும். சும்மா இருக்கும்போது கம்பியில் 48 வோல்ட் டிசி. ரிங் வரும்போது அதன் மேல் சுமார் 75 வோல்ட் ஏசி ஏறும், ஈரக் கையில் பட்டால் நன்றாகவே உதறும். போனை எடுத்ததும் பத்து வோல்ட் அளவுக்கு இறங்கி 20 முதல் 40 மில்லிஆம்பியர் ஓடும். சர்க்யூட்டின் தரையை லைனோடு நேராகச் சேர்க்கவே கூடாது. நடுவில் 600-க்கு 600 ஓம் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பழைய இரும்புக் கடையில், கம்ப்யூட்டருக்கு வெளியே தனியாக வைக்கும் வகை டயல்-அப் மோடம் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். அதில் அந்த டிரான்ஸ்ஃபார்மர், ரிங்கைக் கண்டறியும் ஆப்டோகப்ளர், லைனை எடுக்கும் ரிலே, மின்னல் தடுக்கும் எம்ஓவி எல்லாம் ஒரே போர்டில் இருக்கும். லைனில் மாட்டுவதற்கென்றே செய்து சோதித்த பாகங்கள் அவை. கொஞ்சம் புதிய மோடங்களில் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் சின்ன ஐசி ஜோடி இருக்கும், அவை நமக்கு உதவாது. எம்ஓவியை விட்டுவிடாதீர்கள். சித்திரை, வைகாசி மழையில் இடி இறங்கும்போது மேலே தொங்கிவரும் டெலிஃபோன் கம்பிதான் முதலில் வாங்கும். பொது டெலிஃபோன் லைனில் மாட்டும் கருவிக்கு அங்கீகாரம் கேட்கும் விதிகள் உண்டு, லைன் கொடுத்த அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

உங்கள் செம்பு லைனை ஃபைபராக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றால் டோனை உண்டாக்குவது எக்ஸ்சேஞ்ச் அல்ல, வீட்டில் இருக்கும் பெட்டி. அதில் எந்த நாட்டு அமைப்பை வைத்திருக்கிறார்களோ அந்த நாட்டு டோன் வரும். எனவே எதைச் செய்வதற்கு முன்பும் உங்கள் லைனில் எங்கேஜ்டு டோனைப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி மாதிரி ஒரு மென்பொருளில் திறந்து பாருங்கள். 400 இருக்கிறதா, சத்தமும் மௌனமும் எத்தனை விநாடி என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

லேண்ட்லைனை விட்டுவிட்டு ஒரு பழைய பட்டன் மொபைலை மோட்டார் அறையில் வைத்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஹெட்செட் மாட்டினால் தானே எடுக்கும் வசதியுள்ள 2ஜி மொபைல் என்றால் அதன் ஸ்பீக்கர் கம்பியை 8870-க்குக் கொடுத்தால் வேலை செய்யும், லைன் அபாயமும் இல்லை. மொபைலில் பட்டனை அமுக்கும்போது அந்த ஒலி உங்கள் மைக் வழியாகப் போவதில்லை. 'இந்த பட்டன்' என்று சேதிதான் போகிறது, ஒலியை நெட்வொர்க் உண்டாக்குகிறது. அதனால் சுத்தமாகவே வந்து சேரும். கேட்கும் மொபைலைச் சர்க்யூட்டிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வையுங்கள். 2ஜி மொபைல் விநாடிக்கு 217 முறை துடித்து அனுப்பும் இரைச்சல் பக்கத்து ஒயர்களில் ஏறிவிடும்.

சிக்கல் 4ஜியில்தான். வோல்ட்டி அழைப்பில், அதாவது 4ஜி வழியாகவே போகும் பேச்சில், பட்டன் ஒலி ஒலியாகவே போகாமல், பேச்சோடு கூடவே தனிச் சேதியாகப் போகலாம். கேட்கும் பக்க மொபைல் அதை மறுபடி ஒலியாக்கி ஸ்பீக்கரில் விட்டால்தான் 8870 பிடிக்கும். சில மொபைல்கள் விடும், பல விடாது. ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, ஆகவே அந்த சிம் போட்டு இந்த முறையை முயலாதீர்கள். அதோடு மொபைலில் அழைப்பு முடிந்தால் எங்கேஜ்டு டோனுக்குப் பதில் மலையாளத்திலோ தமிழிலோ ஒரு அறிவிப்பு வரலாம், அல்லது ஒன்றுமே வராமல் துண்டாகலாம். மொபைல் தானே அழைப்பு முடிந்ததை அறிந்து வைத்துவிடும் என்பதால் நமக்கு 400 ஹெர்ட்ஸ் தேவையும் இல்லை. சர்க்யூட்டோடு சேர்க்கும் சின்ன 2ஜி போன் போர்டான சிம் 800 மாட்யூல் போட்டால் டிடிஎம்எஃப்பையும் அதுவே பிடித்து எண்ணாகக் கொடுத்துவிடும். அதற்கு 2 ஆம்பியர் வரை குறுகிய துடிப்புகளில் கொடுக்கக்கூடிய 4 வோல்ட் சப்ளை வேண்டும், கையில் கிடைத்த சார்ஜரோடு நேராகச் சேர்த்தால் அடிக்கடி அணைந்து எழும். அதுவும் 2ஜிதான் என்பதை நினைவில் வையுங்கள்.

ஸ்டார்ட்டர் பக்கம். பச்சைப் பட்டனுக்கு இணையாக ஒரு ரிலே, ஒரு விநாடி மட்டும் ஒட்டி விட வேண்டும். சிவப்புப் பட்டனோடு தொடராக இன்னொரு ரிலேயின் மூடிய முனை, அதுவும் ஒரு விநாடி திறந்தால் போதும். ஒரே ரிலேயைத் தொடர்ந்து ஒட்டியே வைத்து மோட்டாரை ஓட்டாதீர்கள். அப்படிச் செய்தால் கரண்ட் போய் வந்தவுடன் மோட்டார் தானாகக் கிளம்பும், மூன்று ஃபேஸும் வந்ததா என்று பார்க்கக்கூட நேரம் இருக்காது. ஸ்டார்ட்டருக்குள் இருப்பது 415 வோல்ட். அந்த ஒயரிங்கை மட்டும் உங்கள் ஊர் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், சர்க்யூட்டிலிருந்து இரண்டு ரிலே முனைகளை வெளியே கொடுத்தால் அவருக்குப் போதும்.

ஒற்றை பட்டனில் மோட்டார் கிளம்பும்படி வைக்க வேண்டாம். தவறான எண்ணுக்கு அழைத்தவர் தற்செயலாக 1-ஐ அமுக்கினால் இரவெல்லாம் மோட்டார் ஓடும். மூன்று எண் ரகசிய வரிசை, அதுவும் ஐந்து விநாடிக்குள் முடிய வேண்டும் என்று வையுங்கள். கிளம்பியதா இல்லையா என்று உங்களுக்குத் தெரிய, ஒரு ஃபேஸ் ஒயரில் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் மாட்டி, கரண்ட் ஓடினால் லைனில் ஒரு பீப் திருப்பி அனுப்பலாம். அந்த பீப் 1000 ஹெர்ட்ஸில் இருக்கட்டும். 400-லோ 2000-லோ வைத்தால் உங்கள் 567-ஏ அதைக் கேட்டுக் குழம்பும், டிடிஎம்எஃப் எண்களில் வைத்தால் 8870 தடுமாறும். கிணறு வற்றி மோட்டார் காற்றை இழுத்தால் கரண்ட் குறையும், அதற்கு வேறு மாதிரி இரண்டு பீப் வைத்துக்கொள்ளலாம்.

பாகங்கள் எல்லாம் கோவை காந்திபுரம் பக்கக் கடைகளிலேயே கிடைக்கும். முதலில் 15-ஆம் காலுக்கு மாற்றி, 680 கிலோஓம் போட்டுப் பாருங்கள், குரலுக்குத் தட்டுவது அன்றைக்கே குறைந்துவிடும். எங்கேஜ்டு டோன் பதிவை எனக்கு அனுப்புங்கள் தம்பி, அதில் உள்ள நேரங்களைப் பார்த்து ஆர்டுயினோவில் போட வேண்டிய எல்லைகளைச் சொல்கிறேன்.